வேகத்துக்கும் ஓர் இடம் உண்டு

 



வெள்ளவத்தையில் வசிப்பவர்களுக்கு மரைன் டிரைவைப் பற்றி நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஒரு பக்கம் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். மறுபக்கம் காலி வீதியிலிருந்து இறங்கி வரும் ஒழுங்கைகள். அஸருக்குப் பின்னர் உம்மாமார் பிள்ளைகளைக் கைபிடித்து அங்கே காற்று வாங்க நடக்கின்றனர். நள்ளிரவு தாண்டியதும் அதே வீதியில் வேறொரு சத்தம் கேட்கிறது. சைலன்சரை மாற்றிய கார்கள் உறுமிக்கொண்டு கொள்ளுப்பிட்டித் திசைக்கும் தெஹிவளைத் திசைக்கும் பாய்கின்றன. கொட்டாஞ்சேனையில் வீதிகள் ஒடுங்கியவை. அங்கே மோட்டார் சைக்கிள்கள் அதே வேலையைச் செய்கின்றன. அந்த வாகனங்களை ஓட்டுபவர்கள் யார்? நம்முடைய பிள்ளைகளும் அவர்களில் இருக்கிறார்கள் என்பதை மறைப்பதில் பயனில்லை.

ஆகவே இன்று அதிவேகம் பற்றிப் பேச விரும்புகிறேன். வேகத்தை விரும்பும் இளைஞனை எடுத்த எடுப்பிலேயே பாவி என்று ஏசிவிட்டுப் போவது என் நோக்கமன்று. அவ்வாறு ஏசுவதற்கு மார்க்கத்திலும் இடமில்லை. ஏனெனில் வேகத்தின் மீதுள்ள ஆசை மனிதனின் இயல்பில் வைக்கப்பட்ட ஒன்று. அந்த ஆசைக்கு இஸ்லாம் பூட்டுப் போடவில்லை. இடம் குறித்துக் கொடுத்தது.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள் என்ற செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. பயிற்றுவிக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யா என்ற இடத்திலிருந்து ஸனிய்யதுல் வதா வரை தூரம் குறிக்கப்பட்டது. அது ஐந்து அல்லது ஆறு மைல். பயிற்றுவிக்கப்படாத குதிரைகளுக்கு ஸனிய்யதுல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை மட்டுமே தூரம் கொடுக்கப்பட்டது. அது ஏறத்தாழ ஒரு மைல். அப்போது இளைஞராக இருந்த அப்துல்லாஹ் இப்னு உமர் (ரழி) அவர்களும் அப்பந்தயத்தில் கலந்துகொண்டார்.

இந்தச் செய்தியைக் கூர்ந்து கவனியுங்கள். பந்தயத்துக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. களம் முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகிறது. பயிற்சி பெற்றதையும் பெறாததையும் ஒரே அளவுகோலால் அளக்கவில்லை. பயிற்சி இல்லாததற்கு ஆறில் ஒரு பங்கு தூரமே அனுமதிக்கப்பட்டது. இன்று உலகெங்கும் மோட்டார் பந்தயத் திடல்கள் வைத்திருக்கும் அடிப்படை விதிகளும் இவைதாம்.

அதிவேகத்தில் ஓட்டுபவர்கள் என்ன அனுபவிக்கிறார்கள்? சொந்தமாக ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் வெள்ளவத்தைச் சகோதரர் ஒருவர் என்னிடம் மனந்திறந்து கூறினார். அக்சிலரேட்டரை மிதித்தவுடன் முதுகு ஆசனத்தோடு அழுந்துகிறது, நெஞ்சு படபடக்கிறது, கடன், கவலை, வீட்டுப் பிரச்சினை எல்லாம் அந்தச் சில நிமிடங்களுக்கு மறந்துவிடுகின்றன என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த இன்பத்தோடு சேர்ந்து வேறு சில மாற்றங்களும் நிகழ்கின்றன. வேகம் கூடக் கூடப் பார்வை ஒடுங்குகிறது. முன்னால் தெரியும் ஒரு புள்ளியையே கண் பற்றிக்கொள்கிறது. ஓரத்தில் நிற்கும் மனிதர் பார்வையிலிருந்து நழுவுகிறார். அதிவேகப் பாதையில் ஒரு மணித்தியாலம் ஓட்டியவருக்கு, வெளியே இறங்கிய பின்னர் அறுபது கிலோமீற்றர் வேகமும் ஊர்வது போலத் தோன்றும். அதாவது வேகம் தன்னை அளக்க வேண்டிய புலன்களையே முதலில் ஏமாற்றிவிடுகிறது.

உலகில் மிக வேகமாகக் கார் ஓட்டியவர்களில் ஒருவர் அண்டி வொலஸ். 1988ஆம் ஆண்டு பிரான்சின் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்ற குழுவில் ஒருவரான அவர், 2019 ஆகஸ்டில் புகாட்டி ஷிரோன் வகைக் கார் ஒன்றை மணிக்கு 490 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டினார். எங்கே ஓட்டினார்? ஜெர்மனியில், பொதுமக்கள் நுழைய முடியாத சோதனைத் தடம் ஒன்றில். அங்கே நேர்ப்பாதை மட்டும் எட்டுக் கிலோமீற்றருக்கு மேல் நீள்கிறது. காரின் உள்ளே பாதுகாப்புக் கூடு பொருத்தப்பட்டிருந்தது. டயர்கள் ஒவ்வொன்றும் பூட்டப்படுமுன் எக்ஸ்ரே மூலம் பரிசோதிக்கப்பட்டன. இத்தனைக்கும் பிறகு, தடத்தின் தார் மேற்பரப்பு மாறும் ஓரிடத்தில் கார் துள்ளிப் பாய்ந்ததாக அவரே பின்னர் விவரித்தார். அவ்வளவு செம்மையான தடத்தில் ஒரு சிறு ஒட்டு அப்படிச் செய்யுமானால், குழாய் வெட்டி மூடிய நமது கொழும்பு வீதி என்ன செய்யும்?

நமது நாட்டிலும் வேகத்துக்கென இடங்கள் இருக்கின்றன. நுவரெலியாவின் மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி 1934 முதல் அறியப்பட்டது. களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தையில் பழைய விமானத்தளத்தில் பந்தயங்கள் நடைபெற்றுள்ளன. தியத்தலாவையில் பொக்ஸ் ஹில் போட்டி நடைபெற்று வந்தது. அங்கெல்லாம் கொடி காட்டும் அதிகாரி இருக்கிறார், தலைக்கவசம் இருக்கிறது, அம்பியூலன்ஸ் காத்து நிற்கிறது. எனினும் 2024 ஏப்ரல் 21ஆம் திகதி, ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பின் நடந்த பொக்ஸ் ஹில் போட்டியில் ஒரு கார் தடத்தை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. ஏழு பேர் உயிரிழந்தனர். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். இறந்தவர்களில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள்.

இளைஞர்களே, குறிக்கப்பட்ட களத்திலேயே, பயிற்சி பெற்ற ஓட்டுநரின் கையிலேயே, அறிவிக்கப்பட்ட நாளிலேயே இவ்வாறு நிகழ முடியுமானால், எவருக்கும் அறிவிக்காமல் நள்ளிரவில் மரைன் டிரைவில் நிகழ்வது என்னவாக இருக்கும்? தியத்தலாவைக்குச் சென்றவர்கள் பந்தயம் பார்க்கவே சென்றனர். மரைன் டிரைவைக் கடக்கும் மனிதனுக்குத் தான் ஒரு பந்தயத் தடத்தில் நிற்பதே தெரியாது.

சிறு கணக்கொன்றைப் பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீற்றரில் செல்லும் கார் ஒரு வினாடியில் ஏறத்தாழ 14 மீற்றர் செல்கிறது. 100 கிலோமீற்றரில் 28 மீற்றர். 200 கிலோமீற்றரில் 55 மீற்றருக்கு மேல். அதாவது ஒரே வினாடிக்குள் ஏறத்தாழ மூன்று கிரிக்கெட் பிட்சுகளின் நீளம் கடந்து போகிறது. ஒருவர் குறுக்கே வருவதைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடி பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த வீதி, நல்ல டயர், நல்ல பிரேக் எல்லாம் இருந்தாலும், 50இல் செல்லும் கார் நிற்பதற்குச் சுமார் 28 மீற்றர் தேவை. 100இல் 80 மீற்றருக்கு மேல். 200இல் சுமார் 275 மீற்றர். வேகம் இரு மடங்கானால் மோதும் வலிமை நான்கு மடங்காகிறது என்பது அல்லாஹ் இவ்வுலகில் வைத்த நியதி. அது விலையுயர்ந்த காருக்காகவும் மாறாது, நம் துஆவை எதிர்பார்த்து வேண்டுமென்றே அதை மீறுபவனுக்காகவும் மாறாது.

இத்தனை ஆபத்துக்கும் நாம் பெறும் இலாபம் என்ன? வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் பத்துக் கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். வழியில் ஒரு சிவப்பு விளக்குக்கூட எரியவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். 50இல் சென்றால் பன்னிரண்டு நிமிடம். சட்டத்தை உடைத்து 100இல் சென்றால் ஆறு நிமிடம். மிச்சம் ஆறு நிமிடம். 2011 நவம்பரில் திறக்கப்பட்ட தெற்கு அதிவேகப் பாதையில் கொட்டாவையிலிருந்து காலிப் பக்கம் செல்லச் சுமார் 95 கிலோமீற்றர். அனுமதிக்கப்பட்ட 100இல் சென்றால் 57 நிமிடம். 140இல் பறந்தால் 41 நிமிடம். அந்தப் பதினாறு நிமிடத்தை மிச்சம் பிடித்தவர் காலியில் இறங்கி என்ன செய்கிறார்? தேநீர்க் கடையில் அரை மணித்தியாலம் அமர்ந்திருக்கிறார்.

எனக்கு ஓட்டும் திறமை இருக்கிறது என்று சிலர் கூறுவர். 2013 நவம்பர் 30ஆம் திகதி அமெரிக்காவின் கலிபோர்னியாவில், கார்ப் பந்தயத் திரைப்படங்களால் உலகப் புகழ் பெற்ற நடிகர் போல் வோக்கர் உயிரிழந்தார். பிலிப்பைன்ஸ் புயலால் பாதிக்கப்பட்டோருக்காக நடந்த நிதி சேகரிப்பு நிகழ்விலிருந்து அவர் புறப்பட்டிருந்தார். காரை ஓட்டியவர் அவருடைய நண்பர். பந்தயங்களில் பங்கேற்ற அனுபவமுடையவர். கார் போர்ஷே கரேரா ஜீடி. மணிக்கு 72 கிலோமீற்றர் மட்டுமே அனுமதிக்கப்பட்ட வீதியில் அக்கார் 129 முதல் 150 கிலோமீற்றர் வரையான வேகத்தில் சென்றதாக விசாரணையாளர்கள் கண்டறிந்தனர். டயர்கள் ஒன்பது ஆண்டுப் பழையவை. திறமை இருந்தது, சிறந்த கார் இருந்தது, நற்காரியத்தின் பின் வந்த பயணமாகவும் இருந்தது. இருவரும் அவ்விடத்திலேயே இறந்தனர். நமது நாட்டில் 2020 முதல் 2025 வரை தனியார் கார் இறக்குமதி தடைப்பட்டிருந்ததால், பழைய கார்களையே மெருகூட்டி ஓடவிடும் வழக்கம் பெருகியது. வெளியில் புதிய நிறம் பூசிய காரின் டயர் எந்த ஆண்டினது என்று எத்தனை இளைஞர்கள் குனிந்து பார்த்திருக்கிறார்கள்? டயரின் பக்கச் சுவரில் அச்சிடப்பட்டிருக்கும் நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரத்தையும், பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். இன்றே பாருங்கள்.

அந்த விபத்தில் நடிகர் ஓட்டுநர் அல்லர், பயணி. பயணியைப் பற்றியும் நபியவர்களின் வழிகாட்டல் உண்டு. ஒரு பயணத்தில் அன்ஜஷா என்பவர் பாட்டிசைத்து ஒட்டகங்களை ஓட்டிச் சென்றார். பாட்டுக்கு ஒட்டகங்கள் விரைந்தன. அவற்றின் மீது பெண்கள் அமர்ந்திருந்தனர். அப்போது நபி (ஸல்) அவர்கள், கண்ணாடிப் பாத்திரங்களை ஏற்றிச் செல்வதைப் போல மென்மையாகச் செலுத்தும்படி அவருக்குக் கூறினார்கள். தம்பி, உன் காரின் பக்கத்து ஆசனத்தில் உன் தங்கை இருக்கலாம், உன் நண்பன் இருக்கலாம். அவன் வெட்கத்தினால் மெதுவாகப் போகச் சொல்லாமல் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அவன் உன்னிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

மௌத்து எழுதப்பட்ட நேரத்தில்தானே வரும் என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். கத்ரை நம்புவது ஈமானின் கடமை. அதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு அல்லாஹ்விடம் பொறுப்புச் சாட்டவா, கட்டிவிட்டுப் பொறுப்புச் சாட்டவா என்று கேட்ட மனிதருக்கு, கட்டிவிட்டே பொறுப்புச் சாட்டும்படி நபியவர்கள் பதிலளித்தார்கள். ஆசனப் பட்டியும் ஒரு கயிறுதான், பிரேக்கும் ஒரு கயிறுதான். மேலும், கத்ரைச் சொல்லி வேகத்தை நியாயப்படுத்துபவர் வியாபாரத்தில் கணக்குப் பார்ப்பதை ஒருபோதும் நிறுத்துவதில்லை.

அடுத்து, பெற்றோர்களாகிய உங்களிடம் வருகிறேன். 2024 மே 19ஆம் திகதி அதிகாலையில் இந்தியாவின் புனே நகரில், பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் பதிவிலக்கத் தகடுமில்லாத போர்ஷே காரை அதிவேகமாக ஓட்டி, மோட்டார் சைக்கிளில் சென்ற இரு இளம் பொறியியலாளர்களைக் கொன்றான். அன்றே அவனுக்குப் பிணை வழங்கிய சிறார் நீதிச் சபை, வீதி விபத்து பற்றி முந்நூறு சொற்களில் கட்டுரை எழுதும்படி நிபந்தனை விதித்தது. நாடு கொதித்தெழுந்ததன் பின் அக்கட்டளை மாற்றப்பட்டது. பின்னர் தந்தை கைது செய்யப்பட்டார், பாட்டனாரும் கைது செய்யப்பட்டார், தாயும் கைது செய்யப்பட்டார். பிள்ளையைக் காப்பாற்றுவதற்காக இரத்த மாதிரியை மாற்றினார்கள் என்பதும், சம்பளத்துக்கு இருந்த சாரதியின் தலையில் பழியைப் போட முயன்றார்கள் என்பதும் அக்குடும்பத்தின் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகள். ஒரு திறப்பைக் கொடுத்த கையிலிருந்து இத்தனையும் தொடர்ந்தன.

நமது நாட்டில் பதினெட்டு வயது நிறைவடையாதவருக்குக் கார் ஓட்டச் சாரதி அனுமதிப்பத்திரம் இல்லை. ஆயினும் சாதாரண தரப் பரீட்சையில் சித்தியெய்தியதற்குப் பரிசாக மோட்டார் சைக்கிள், பெருநாளைக்கு வாப்பாவின் கார் என்று கொடுக்கிறோம். மகன் சந்தோஷப்படட்டும் என்கிறோம். வெளிநாட்டில் உழைக்கும் வாப்பா, தான் அருகில் இல்லாத குறையை ஒரு காரால் நிரப்பப் பார்க்கிறார். இன்னும் சில இடங்களில், பெண் வீட்டார் கொடுக்கும் காரின் விலையே மாப்பிள்ளையின் மதிப்பாக எண்ணப்படுகிறது. வாகனத்தைப் பெருமைக்காகக் கொடுத்தால், பிள்ளை அதைப் பெருமைக்காகவே ஓட்டுவான். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் செய்த உபதேசங்களை அல்குர்ஆன் ஓர் அத்தியாயத்தில் எடுத்துரைக்கிறது. இணைவைக்காமை, தொழுகை, பொறுமை என்று பெரும் விடயங்களைக் கூறி வந்த அந்தத் தந்தை, முடிவில் மகனின் நடையைப் பற்றிப் பேசுகிறார். பூமியில் செருக்கோடு நடக்க வேண்டாம் என்றும், நடையில் நடுநிலை பேண வேண்டும் என்றும், குரலைத் தாழ்த்த வேண்டும் என்றும் கூறுகிறார். நடையின் வேகமும், எழுப்பும் சத்தமும்! சைலன்சரை மாற்றி ஊரை எழுப்பும் காருக்கு இதைவிடப் பொருத்தமான உபதேசம் வேறென்ன? தந்தையர்களே, உங்கள் மகனோடு அவனுடைய வேகத்தைப் பற்றி நீங்கள் என்றேனும் அமர்ந்து பேசியதுண்டா?

வேகத்துக்கான அளவுகோலும் ஸுன்னாவில் இருக்கிறது. ஹஜ்ஜத்துல் வதாவில் நபி (ஸல்) அவர்கள் அரஃபாவிலிருந்து திரும்பியபோது, கூட்டத்தில் நிதானமான நடையில் ஒட்டகத்தைச் செலுத்தினார்கள். இடைவெளி கிடைத்தபோது விரைவுபடுத்தினார்கள். பின்னால் ஒட்டகங்களை அடித்து விரட்டும் இரைச்சல் கேட்டபோது, சாட்டையால் சைகை செய்து, அமைதியைக் கடைப்பிடிக்குமாறும், நன்மை விரைந்தோடுவதில் இல்லை என்றும் மக்களுக்குக் கூறினார்கள். ஹஜ் என்னும் இபாதத்துக்காகச் செல்பவனுக்கே கூட்டத்தில் விரைய உரிமை இல்லையென்றால், வேடிக்கைக்காகச் செல்பவனுக்கு எங்கிருந்து உரிமை வந்தது? வீதியில் பிறருக்குத் தொல்லை தராதிருப்பது வீதியின் உரிமைகளில் ஒன்று என்பதும், வீதியில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்பதும் நாம் மதரஸாவில் படித்தவை. கல்லை அகற்றுவது ஈமான் என்றால், நாமே இடையூறாக மாறுவது என்ன?

போக்குவரத்துச் சட்டம் மனிதன் இயற்றியதுதானே என்று அலட்சியம் செய்யவும் வழியில்லை. 1993இல் புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, ஷரீஆவுக்கு முரணாகாத போக்குவரத்து விதிகளைப் பின்பற்றுவது மார்க்க ரீதியில் கடமை என்று தீர்மானித்தது. விபத்தினால் விளையும் சேதத்துக்கு ஓட்டுநர் பொறுப்பாளி என்றும் கூறியது. தவறுதலாக ஓர் உயிரைப் போக்கியவர் வாரிசுகளுக்கு நஷ்டஈடு கொடுப்பதோடு, அடிமையை உரிமை விட இயலாத நிலையில் இரண்டு மாதங்கள் தொடர்ச்சியாக நோன்பு நோற்க வேண்டும் என்பது ஸூரத்துன் நிஸாவின் சட்டம். அறுபது நாள் நோன்பு! வேண்டுமென்று செய்யவில்லை என்பது அவரை முற்றாக விடுவிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். காப்புறுதி நிறுவனம் காரின் கணக்கை முடித்துவிடும். இந்தக் கணக்கை முடிக்காது.

இலங்கையின் வீதிகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர். உலகில் ஐந்து முதல் இருபத்தொன்பது வயது வரையானோரின் மரணத்துக்கு முதற்காரணம் வீதி விபத்தே என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நோயல்ல, யுத்தமுமல்ல. இந்த வயதினர்தாம் இவ்வுரையைக் கேட்கும் நீங்கள்.

எனவே, வேகத்தை விரும்பும் சகோதரரே, உம்முடைய ஆசையைக் கொன்றுவிடும்படி நான் கேட்கவில்லை. களத்துக்குச் செல்லும். பதிவு செய்து, பயிற்சி பெற்று, தலைக்கவசம் அணிந்து, உம்மைப் போல அறிந்தே வந்தவர்களோடு போட்டியிடும். வீதிக்கு வந்துவிட்டால், ஊருக்குள் ஐம்பதும், அதிவேகப் பாதையில் அங்கு குறித்த வேகமும் உமது எல்லை. நண்பர்கள் கைபேசியில் படமெடுக்கக் காத்திருக்கும் இரவில் வீட்டிலிரும். பின்னாசனத்தில் இருப்பவருக்கும் பட்டியை மாட்டிவிடும். 2022 செப்டெம்பரில் இந்தியாவின் பெரும் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உயர்ரகக் காரின் பின்னாசனத்தில் பட்டி அணியாமல் இருந்தே உயிரிழந்தார். பெற்றோர்களே, அனுமதிப்பத்திரம் இல்லாத கையில் திறப்பைக் கொடுக்காதீர்கள். கொடுத்த பின்னும் கேளுங்கள்: எங்கே போகிறாய், யாரோடு போகிறாய், எப்போது வருவாய்? பள்ளிவாசல் நிர்வாகிகளே, நள்ளிரவு ஓட்டங்களைப் பற்றி ஊரார் முறையிட்டால், அது நம் பிள்ளைகள்தானே என்று மூடி மறைக்காதீர்கள். இன்று அவர்களை அழைத்துப் பேசுவது, நாளை மையவாடியில் கூடுவதைவிட இலகுவானது.

இன்றிரவு மரைன் டிரைவைக் கடக்கப்போகும் மனிதர் யாரென்று நமக்குத் தெரியாது. தமிழரோ, சிங்களவரோ, முஸ்லிமோ, வேலை முடிந்து வீடு திரும்பும் ஒரு தொழிலாளியோ, யாராகவும் இருக்கலாம். அவரைப் பார்த்துக் கதவருகில் ஒரு குடும்பம் காத்திருக்கிறது. அவர் வீதியின் அந்தப் பக்கம் சேர்வதற்குத் தேவையான சில வினாடிகள் அவருடைய ஹக். அந்த வினாடிகளை அவரிடமிருந்து பறிக்காதவர்களாக எங்களையும் எங்கள் பிள்ளைகளையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக. பயணத்தில் புறப்பட்ட ஒவ்வொருவரையும் நலமாகத் தத்தம் வீடு சேர்ப்பானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.